அம்மா, இது போதை இல்லை



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் மேசை இழுப்பறையில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கம். எழுதியவர் ஓசூரில் இருக்கும் ஒரு தாய். மகனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வருகிறான். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் விரல் நகம் அகலத்துக்கு ஒரு சதுரக் காகிதம் கிடந்திருக்கிறது. அதில் ஏதோ வண்ணப் படம். ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து கிழிந்து வந்தது என்று நினைத்து நிலைக்கண்ணாடியில் ஒட்டிப் பார்த்திருக்கிறார். ஒட்டவில்லை. மாலையில் மகனிடம் காட்டியபோது அவன் முகம் மாறிவிட்டது.

அதன் பிறகு வீட்டில் நடந்த சண்டையை அவர் எழுதவில்லை. ஒன்றை மட்டும் எழுதியிருக்கிறார்: “போதைப் பழக்கமாடா உனக்குன்னு கேட்டேன் ஐயா. ‘அம்மா, இது போதை இல்ல, சைகடெலிக். உனக்குச் சொன்னாப் புரியாது’ன்னுட்டுப் போயிட்டான். அவன் பொய் சொல்றானா?”

அவருக்குத் தபாலில் ஒரு சிறு பதில் அனுப்பினேன். அது போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. இப்படி ஒரு கேள்வி இன்னும் எத்தனை வீடுகளில் வாய்வரை வந்து நின்றிருக்கும் என்று தோன்றியதால், அவர் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி, இந்த மாத ஆசிரியர் பக்கத்தை முழுவதும் அதற்கே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மகன் பொய் சொல்லவில்லை அம்மா. அவன் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதிக்குப் பதில் சொல்லும் அளவுக்கு நாம் படித்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் கவலை. நம்மிடம் இருப்பது ‘போதை’ என்ற ஒரே சொல். டாஸ்மாக் குவார்ட்டர், கஞ்சாப் பொட்டலம், மெடிக்கலில் சீட்டில்லாமல் கேட்கும் மாத்திரை, கொடைக்கானல் காளான், இந்தக் காகித ஸ்டாம்ப் எல்லாவற்றையும் அந்த ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, “தொட்டால் செத்தாய்” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். ஒருநாள் அவர்களில் ஒருவன் ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறான். சாகவில்லை. அன்றிலிருந்து நாம் சொன்ன எதையும் அவன் நம்புவதில்லை. உண்மையில் சாகடிக்கக்கூடியதைப் பற்றி நாம் சொன்னதையும் சேர்த்துத்தான்.

நம் மண்ணுக்கு இந்த விஷயத்தில் நீண்ட நினைவு உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது, அன்று நம் பகுதியையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில்தான். அவர் எதிர்த்தது கண்ணுக்குத் தெரிந்த எதிரி. வாசனை வரும், கால் தள்ளாடும். 2008 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் பெங்களூரு, கோலார் பக்கத்திலும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுமாக 150 பேருக்கும் மேல் பலி வாங்கியது. எல்லையின் இரு பக்கமும் ஒரே வாரத்தில் பிணங்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். முதலில் கண் போகும், பிறகு உயிர். அதையும் போதை என்கிறோம், இந்தக் காகிதத்தையும் போதை என்கிறோம். இரண்டும் உடலுக்குள் செய்யும் வேலையில் ஒற்றுமையே கிடையாது.

காகிதத்தில் இருப்பது என்ன என்று சொல்ல, என் சிறுவயதுக்கு ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது.

ஊத்தங்கரைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் கம்பங்கொல்லை இருந்தது. சில வருஷம் கதிர் பூக்கும் நேரத்தில் மேகமூட்டமும் சாரலும் விடாது பிடித்துக்கொள்ளும். அப்போது கதிரிலிருந்து தேன் மாதிரி பிசுபிசுவென்று இளஞ்சிவப்பாக ஒழுகும். தேன் ஒழுகல் நோய் என்பார்கள். சில வாரத்தில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கருத்துக் கெட்டியாக ஒன்று முளைத்து நிற்கும். விவசாய ஆபீசர் சொன்னபடி அப்பா விதைப்புக்கு முன் அண்டாவில் 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ உப்புப் போட்டுக் கரைத்து விதைக் கம்பைக் கொட்டுவார். நல்ல மணி அடியில் தங்கும். கருப்பும் பதரும் மேலே மிதக்கும். அதை அரித்து எடுத்துத் தூரக் கொட்டுவது என் வேலை. “கைய வாயில வச்சிறாதடா” என்று அம்மா திண்ணையிலிருந்து ஒவ்வொரு முறையும் கத்துவார்.

அம்மா பயந்ததில் நியாயம் இருந்தது. 1975இல் ராஜஸ்தானில் அந்தப் பூஞ்சை பிடித்த கம்பைச் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டலும் வாந்தியும் தலைச்சுற்றலும், எழுந்திருக்கவே முடியாத தூக்கக் கலக்கமும் வந்ததை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எர்கட் என்பது அந்தப் பூஞ்சைக் குடும்பத்தின் பெயர். ஐரோப்பாவில் அதன் இன்னொரு இனம் ரை என்ற தானியத்தில் வரும். நம் கம்பில் வருவதன் நஞ்சு ஒரு வகை, ரையில் வருவதன் நஞ்சு வேறு வகை. ரையில் வந்தது, இடைக்கால ஐரோப்பாவில் ரொட்டி வழியாக ஊர் ஊராகக் கை கால்களை அழுக வைத்தது. வலிப்பும் பிரமையும் கொடுத்தது. ஆனால் அதே பூஞ்சைக்குக் கருப்பையைச் சுருக்கும் சக்தி இருப்பதை மருத்துவச்சிகள் கண்டுவைத்திருந்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எந்தப் பிரசவ வார்டிலும் செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள், மெத்தர்ஜின் ஊசி தெரியும் என்பார்கள். குழந்தை பிறந்த பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் போடுவது, ஃபிரிட்ஜில் வைப்பது. அந்த மருந்து எர்கட்டின் வழிவந்தது. உங்களில் சிலர் இன்று உயிரோடு இருப்பதற்கு, உங்கள் தாய்க்கு அந்த ஊசி சமயத்தில் கிடைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மெத்தர்ஜினை உருவாக்கிய சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன்தான் காகிதத்தில் ஊறியிருக்கும் எல்எஸ்டியையும் உருவாக்கினார். பாசெல் நகரத்தில் சாண்டோஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், எர்கட்டின் மூலப்பொருளான லைசர்ஜிக் அமிலத்தோடு வெவ்வேறு சேர்மங்களைக் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் 25ஆவதாக வந்தது 1938 நவம்பரில். சுவாசத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் உதவுமா என்று பார்த்தார்கள். உதவவில்லை. தூக்கி வைத்துவிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து ஏதோ உந்துதலில் மறுபடி தயாரித்தபோது, துளியூண்டு எப்படியோ உடலில் சேர்ந்து தலை கிறங்கியது. காரணம் இதுதானா என்று பார்க்க, 1943 ஏப்ரல் 19 அன்று கால் மில்லிகிராம் எடுத்துத் தானே குடித்தார். ஒரு மில்லிகிராமில் கால் பங்கு! எந்த மருந்தும் அவ்வளவு சொற்ப அளவில் வேலை செய்யாது என்பது அவர் கணக்கு. அதனால்தான் அதைப் பாதுகாப்பான தொடக்கம் என்று நினைத்தார். போர்க்காலம், கார் கிடையாது. உதவியாளர் துணையோடு சைக்கிளில் வீடு திரும்பினார். வழியெல்லாம் வளைந்து நெளிந்தது. வீட்டில் நாற்காலி மேசைகள் உருமாறி மிரட்டின. பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண் சூனியக்காரியாகத் தெரிந்தார். செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நம்பினார். வந்து பார்த்த டாக்டருக்கோ கண்மணி விரிந்திருந்ததைத் தவிர உடம்பில் ஒரு குறையும் தென்படவில்லை.

எனக்கு இதில் வியப்பு இந்த இடத்தில்தான். உடம்பில் குறையில்லை, உலகம் மட்டும் மாறிவிட்டது. இன்று காகிதத்தில் ஊற வைத்து விற்கும் அளவு அதிலும் பாதிக்கும் கீழே. தூள் உப்பின் ஓரிரு பொடி எடை. அது எப்படி எட்டு மணி நேரத்துக்கும் மேலாக ஒரு மனிதனின் உலகத்தைத் திருப்பிப் போடுகிறது?

செரட்டோனின் என்ற ஒரு பொருள் நம் உடம்பில் இருக்கிறது. 1948இல் அதை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தபோது ரத்தக்குழாயைச் சுருக்கும் சமாச்சாரம் என்றுதான் நினைத்தார்கள். அதில் 90 சதவீதம் போல் குடலில்தான் இருக்கிறது. 1953இல் பெட்டி ட்வாரோக் என்ற பெண் விஞ்ஞானி அது மூளையிலும் இருப்பதைக் காட்டினார். ஏறக்குறைய அதே சமயம், எல்எஸ்டியின் மூலக்கூறும் செரட்டோனினும் ஒரே சாயலில் இருப்பதைச் சிலர் கவனித்தார்கள். மனக் கலக்கத்துக்கும் ஒரு வேதிப்பொருளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் அறிவியலில் வேரூன்ற அது பெரிய காரணம்.

செரட்டோனின் தானாக எதுவும் செய்வதில்லை. நரம்பணுக்களின் மேல்தோலில் அதற்கென்று அமைந்த ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டில் சாவி போல அதில் போய் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். ஒரே சாவிக்கு 14 வகைப் பூட்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதவு. குழந்தை வாந்தி எடுத்தால் டாக்டர் எழுதித் தரும் ஆன்டான்செட்ரான், அதில் மூன்றாம் வகைப் பூட்டை அடைக்கும் மருந்து. ஒற்றைத் தலைவலிக்குத் தரும் சில மாத்திரைகள் முதல் வகைப் பூட்டைத் திறப்பவை. எல்எஸ்டியும், போதைக் காளானில் இருக்கும் சைலோசைபின் உடலுக்குள் போனதும் உருமாறும் சைலோசினும், மற்ற சில பூட்டுகளைத் தொட்டாலும் முக்கியமாகத் திறப்பது 5-எச்டி2ஏ என்ற ஒன்றை. இரண்டு-ஏ என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். மூளையின் மேல்மடிப்பில், வெவ்வேறு இடத்துச் சேதிகள் வந்து சேரும் பெரிய நரம்பணுக்களில் அது நெருக்கமாக இருக்கிறது.

இதெல்லாம் ஊகம் இல்லையா என்று கேட்கலாம். சூரிச் நகரில் ஃபிரான்ஸ் வொலன்வைடர் என்ற மனநல ஆய்வாளரின் குழு 1998இல் இதை நேராகவே சோதித்தது. கெட்டான்செரின் என்ற மருந்தை முதலில் கொடுத்து இரண்டு-ஏ பூட்டை அடைத்துவிட்டு, பிறகு சைலோசைபின் கொடுத்தார்கள். பிரமை வரவில்லை. சாவி உடம்பில் இருக்கிறது, பூட்டு அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான். எல்எஸ்டி ஏன் இத்தனை மணி நேரம் நீடிக்கிறது என்பதற்கும் 2017இல் ஒரு விடை வந்தது. அமெரிக்காவில் வட கரோலினாவின் பிரையன் ராத் குழு, இரண்டு-ஏவின் உடன்பிறப்பான இரண்டு-பி ஏற்பிக்குள் எல்எஸ்டி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அணு அணுவாகப் படம் எடுத்தது. மருந்து உள்ளே போனதும் ஏற்பியின் ஒரு பகுதி மூடிபோல் மடிந்து அதன்மேல் கவிழ்ந்துகொள்கிறது. பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போதும், நிறுத்திக்கொள்ளலாம் என்று நடுவில் நினைத்தால் நிறுத்த முடியாது. மூடி திறந்தால்தான் உண்டு.

பூட்டு திறந்தால் என்ன நடக்கிறது? வாட்ச் கம்பெனியில் நெடுங்காலம் தரப் பரிசோதனையில் இருந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. ஷிப்டில் ஆயிரக்கணக்கான டயலைப் பார்ப்பார். “எல்லாத்தையும் பார்க்கிறதில்லைங்க, எது மாறியிருக்கோ அது மட்டும்தான் கண்ணுல நிற்கும்” என்பார். மூளையும் அப்படித்தான் வேலை செய்கிறது என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். கண்ணும் காதும் அனுப்புவதையெல்லாம் அது ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. இதுதான் வரும் என்று முன்கூட்டியே ஒரு கணிப்பு வைத்திருக்கிறது. வருவது கணிப்போடு ஒத்துப்போனால் விட்டுவிடும், ஒத்துப்போகாததை மட்டும் மேலே அனுப்பும். மார்கழிப் பனியில் காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். பாதி தெரியும் உருவத்தை மூளை தானே நிரப்பி “நாய்” என்றோ “ஆள்” என்றோ சொல்லிவிடும்.

இரண்டு-ஏ பூட்டு இப்படித் திறக்கப்படும்போது அந்தக் கணிப்புகளின் பிடி தளர்ந்துவிடுகிறது. ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸ், கார்ல் ஃபிரிஸ்டன் இருவரும் 2019இல் முன்வைத்த விளக்கம் இது. எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல என்றாலும் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சுவர் அசையாது என்ற கணிப்பு தளர்ந்தால் சுவர் மூச்சுவிடும். இது வெறும் கிரைண்டர் சத்தம் என்ற கணிப்பு தளர்ந்தால் அது சங்கீதமாகிவிடும். ‘நான் ஒரு தோற்றவன்’ என்று ஒருவர் பத்து வருஷமாக வைத்திருக்கும் கணிப்பும் தளரலாம். வைத்தியத்துக்கான நம்பிக்கை அந்த இடத்தில்தான் பிறக்கிறது. ‘மாடியிலிருந்து குதித்தால் விழுவேன்’ என்பதும் ஒரு கணிப்புத்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

‘நான்’ என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அத்திப்பள்ளி டோலில் பஸ் நின்று கிடக்கும்போது நம் மனம் எங்கே போகிறது? நேற்று மேனேஜர் பேசியது, அடுத்த மாத இஎம்ஐ, தங்கை கல்யாணம். ஒரு வேலையும் இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் ஒன்று சேர்ந்து இப்படித் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். 2001இல் மார்கஸ் ரெய்க்கிள் என்ற நரம்பியல் அறிஞர் இதற்கு இயல்புநிலை வலைப்பின்னல் என்ற பொருளில் பெயர் வைத்தார். எல்எஸ்டி, சைலோசைபின் போன்ற சைகடெலிக் கொடுத்தால் மூளை எரியும் விளக்குபோலப் பிரகாசமாகும் என்று எதிர்பார்த்துத்தான், 2012இல் முடிவை வெளியிட்ட லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஸ்கேன் எடுத்தது. நேர்மாறாக, இந்த வலைப்பின்னலின் மையங்களில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. ‘நான்’ என்று ஓயாமல் பேசும் குரல் அடங்குகிறது. வழக்கமாகத் தனித்தனியாக இருக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன. எடுத்தவர்கள் “நான் கரைந்துபோனேன்” என்று சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. 2024இல் ஏழு பேரைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், அந்த வலைப்பின்னலுக்கும் நினைவைக் கையாளும் ஒரு பகுதிக்கும் இடையிலான இணைப்பு வாரக்கணக்கில் தளர்ந்தே இருந்தது தெரிந்தது.

என்னைத் தூங்கவிடாமல் செய்த ஆய்வு வேறொன்று. 2017இல் சூரிச்சிலேயே கத்ரின் பிரெல்லர் செய்தது. ஒவ்வொருவரிடமும், உங்களுக்கு மனதைத் தொடும் பாட்டு எது, ஒன்றுமே தோன்றாத பாட்டு எது என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டார்கள். எல்எஸ்டி கொடுத்ததும், ஒன்றுமே தோன்றாத பாட்டும் அர்த்தம் நிறைந்ததாகிவிட்டது. இரண்டு-ஏ பூட்டை முன்கூட்டியே அடைத்திருந்தால் அது நடக்கவில்லை. அர்த்தம் என்று நாம் உணர்வதற்கே ஒரு ஏற்பியின் துணை வேண்டியிருக்கிறது! இதைப் படித்துவிட்டு மொட்டைமாடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோட்டைக் குன்றுக்கு மேலே நிலா. என் பாட்டி பாடிய ஒரு தாலாட்டு ஞாபகம் வந்தது. அந்தத் தாலாட்டுக்கு என்னிடம் அர்த்தம் வந்தது அவள் மடியாலும் அவள் கை வாசத்தாலும். அதற்கு ஐந்து வருஷம் ஆனது. காகிதம் அதே உணர்வைக் காரணமே இல்லாமல் எதன்மீதும் பூசிவிடும். ஆகவே அந்த நேரத்தில் ‘உண்மையைக் கண்டேன்’ என்று தோன்றுவதை, கண்டதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். இதைத் திருவண்ணாமலை ரமணர் அடைந்ததோடு ஒப்பிடும் இளைஞர்கள் சிலரையும் சந்தித்திருக்கிறேன். 1896இல் மதுரையில் ‘யார் சாகிறது’ என்று தன்னையே கேட்டுப் படுத்த அந்தப் பதினாறு வயதுப் பையன், பிறகு தன் வாழ்நாள் முழுவதையும் அந்தக் கேள்விக்குக் கொடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே சாக்கில் கட்டக் கூடாது என்று சொன்னேன் அல்லவா, ஊமத்தையைப் பாருங்கள். நம் சாலையோரமெல்லாம் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. அது தொடுவது வேறு பூட்டு. அசிட்டைல்கோலின் என்ற பொருளின் ஏற்பிகளை அடைத்துவிடும். நாக்கு வறளும், உடம்பு கொதிக்கும், இல்லாத ஆளோடு பேசுவார்கள், அது பிரமை என்பதே தெரியாது. இதயம் தாறுமாறாகி உயிரே போகும். கெட்டமின் இன்னொன்று, அறுவை சிகிச்சையில் மயக்கம் கொடுக்கும் பழைய மருந்து, குளூட்டமேட் என்ற மூளைத் தூதுப்பொருளின் ஏற்பியை அடைப்பது. அதற்கு மன அழுத்தத்தைச் சில மணி நேரத்திலேயே குறைக்கும் குணம் இருப்பது தெரிந்து, நம் நாட்டிலும் சில மனநல மருத்துவமனைகளில் டாக்டர் பக்கத்தில் நிற்கக் கொடுக்கிறார்கள். கொடைக்கானலுக்கு வார இறுதியில் வண்டி கட்டிப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே யாரோ விற்கும் காளானைப் பற்றிப் பேசிக்கொள்வதும் காதில் விழுகிறது. காட்டுக் காளான்களில் கல்லீரலையே அழித்துவிடும் இனங்களும் இருக்கின்றன. பார்வைக்கு வித்தியாசம் கண்டுபிடிக்க நிபுணர்களே தடுமாறுவார்கள்.

காகிதத்துக்கும் அதே கதிதான். எல்எஸ்டி என்று விற்கப்படுவதில் என்பிஓஎம்இ என்ற செயற்கைப் பொருள் கலந்து வந்து, பல நாடுகளில் இளம்பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அதுவும் இரண்டு-ஏ பூட்டைத்தான் திறக்கிறது, ஆனால் வலிப்பும் ரத்தக்குழாய்ச் சுருக்கமும் சேர்ந்தே வரும். சாராயக் கேனில் இருந்தது மெத்தனால் என்று 2008இல் குடித்தவருக்குத் தெரியாது. விற்றவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. காகிதத்தை விற்பவரும் ஆய்வுக்கூடம் வைத்திருக்கவில்லை.

மருந்தாக வரும் என்கிறார்களே, அது மெய்தானா? மெய்யாக வாய்ப்பு இருக்கிறது. 2022இல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், மற்ற மருந்துகளுக்கு மசியாத மன அழுத்தம் கொண்ட 233 பேர் கலந்துகொண்டார்கள். ஒரே ஒரு முறை 25 மில்லிகிராம் சைலோசைபின் எடுத்தவர்களில் 29 சதவீதம் பேர் மூன்று வாரத்தில் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். பெயருக்கு ஒரு மில்லிகிராம் எடுத்தவர்களில் 8 சதவீதம். 29 என்பது பலருக்குக் கிடைத்த புது வாழ்வு. மிச்சம் 71 சதவீதம் பேருக்குக் கிடைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வாரத்தில் பலருக்குப் பலன் தேய்ந்தது, சிலருக்குத் தற்கொலை எண்ணம் வந்ததையும் அதே ஆய்வு மறைக்காமல் எழுதியது. ஆஸ்திரேலியா 2023 ஜூலை 1 முதல் குறிப்பிட்ட மனநல மருத்துவர்கள் மட்டும் எழுதிக்கொடுக்கலாம் என்றது. அமெரிக்காவோ இதற்கு நெருக்கமான எம்டிஎம்ஏ சிகிச்சையை 2024 ஆகஸ்டில், ஆதாரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பியது.

அந்தப் பரிசோதனைகளில் மருந்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். பல நாள் முன்பிருந்தே பேச்சு. குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருமுனை நோயோ இருந்தால் சேர்த்துக்கொள்வதே இல்லை. ஏனென்றால் உள்ளே உறங்கும் நோயை இது எழுப்பிவிடக்கூடும். அமைதியான அறை, மணிக்கணக்கில் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆள், பிறகும் பல நாள் பேச்சு. கணிப்புகளெல்லாம் தளர்ந்து கிடக்கும் நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார், என்ன சொல்கிறார் என்பது உள்ளே ஆழமாக இறங்கும். நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? ஆறு பேர் தங்கும் பிஜி அறை, அடுத்த நாள் காலை ஷிப்ட், கூடவே அதையே எடுத்த நண்பன். பயம் பிடித்துவிட்டால் “வெளியே சொல்லிடாதடா” என்று வாயைப் பொத்துவார்கள். ஹாஃப்மனுக்குக்கூட அன்று ஒரு டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் இருந்தார்.

அம்மா, உங்கள் மகனிடம் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். எல்எஸ்டி, சாராயம்போல உடம்பை அடிமைப்படுத்துவதில்லை. அதை நாமே முதலில் சொல்லிவிட்டால், மற்றதைச் சொல்லும்போது அவன் காது கொடுப்பான். சட்டத்தையும் சொல்லுங்கள். 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் எல்எஸ்டிக்குச் ‘சிறு அளவு’ என்பது 2 மில்லிகிராம், 0.1 கிராமைத் தாண்டிவிட்டால் ‘வணிக அளவு’, குறைந்தது பத்து வருஷச் சிறை. காகிதத்தின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுவதா என்று நீதிமன்றங்களில் நெடுநாள் வழக்காடியிருக்கிறார்கள். நண்பர்களுக்கும் சேர்த்து வாங்கி வந்த பையன் அந்த வழக்காடலுக்கு நடுவில் நிற்பான். அதே சட்டத்தில் 64ஏ என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு ஆட்பட்டவர், தான் உட்கொண்டதற்காகவோ சிறு அளவுக்காகவோ வழக்கில் சிக்கியிருந்தாலும், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் முழுச் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்தக் குற்றத்துக்கு வழக்கிலிருந்து அவருக்கு விலக்குக் கிடைக்கும். இதை எந்த விழிப்புணர்வுப் பதாகையிலும் நான் பார்த்ததில்லை.

மகன் தூக்கமில்லாமல் இருந்தாலோ, தொடர்பில்லாமல் பேசினாலோ, யாரோ தன்னைக் கவனிப்பதாகச் சொன்னாலோ நாள் கடத்தாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள், பணம் இல்லை. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் பழக்க நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நம் பஸ் ஸ்டாண்டிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். அது இருக்கும் சாலைக்குப் பெயரே ஓசூர் ரோடு.

போன வாரம் அந்தத் தாய் மறுபடி எழுதியிருந்தார். இந்தப் பக்கத்தின் கைப்பிரதியை முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். மகன் படித்தானாம். ஒன்றும் சொல்லவில்லையாம். சாப்பிட்டு முடித்து எழும்போது, “அந்த உப்புத் தண்ணி விஷயம் நெஜமா, நம்ம தாத்தாவும் அப்படிச் செஞ்சாரா?” என்று கேட்டானாம். அம்மா உடனே தாத்தாவுக்குப் போன் போட்டுக் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரம் இருவரும் கம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

இது குறித்து உங்களுக்கும் கேட்க ஏதாவது இருந்தால் எழுதுங்கள். நிமான்ஸ் போய்வந்த அனுபவமோ, ஹாஸ்டலில் பார்த்ததோ, சொல்ல முடியாமல் வைத்திருப்பதோ எதுவானாலும். அடுத்த இதழில் மனநல மருத்துவர் ஒருவரிடம் கேட்டுப் பதில் போடுகிறோம். பெயர் வேண்டாம். ஊர் மட்டும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்